பெட்டிகளின் சொந்தக்காரர்கள்

லண்டன் மாநகரில் ஹாட்டன் கார்டன் என்றொரு தெரு இருக்கிறது. வைர வியாபாரிகளும், மோதிரத்துக்குக் கல் பதிப்பவர்களும், பழைய நகையை வாங்கி உருக்குபவர்களும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்திவரும் அந்தத் தெருவில், 88-90 என்ற இலக்கமுள்ள கட்டடத்தின் நிலவறையில், வியாபாரிகள் மாலையில் கடையை அடைக்கும்போது தங்கள் சரக்கைக் கொண்டுவந்து பூட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவதற்கென்றே ஒரு பெட்டகக் கம்பெனி நடந்து வந்தது. 2015-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் அந்த வட்டாரமே அடங்கிக் கிடந்தபோது, ஏப்ரல் 2-ஆம் தேதி வியாழக்கிழமை இரவு, லிப்ட் போகும் கூண்டுவழியாக அந்த நிலவறைக்குள் இறங்கிய ஒரு கூட்டம், அரை மீட்டர் கனமுள்ள கான்கிரீட் சுவரைத் துளைத்து, 73 பெட்டிகளைத் திறந்து, சுமார் 1.4 கோடி பவுண்ட் பெறுமானமுள்ளவை என்று மதிப்பிடப்பட்ட நகைகளையும் கற்களையும் ரொக்கத்தையும் வாரிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெளியேறியது. களவின் அளவைக் கண்டு திகைத்த ஜனங்கள், மே மாதத்தில் போலீசார் ஆட்களைப் பிடித்தபோது, அவர்களுடைய வயதைக் கேட்டு அதைவிட அதிகமாகத் திகைத்தார்கள். மூத்தவரான பிரயன் ரீடருக்கு வயது 76. காவலுக்கு நின்ற கென்னி காலின்ஸுக்கு 74. டெரி பெர்கின்ஸுக்கோ, பெட்டகத்துக்குள் வேலை நடந்துகொண்டிருந்த அந்தச் சனிக்கிழமைதான் 67 வயது நிறைந்தது.

கதாசிரியன் ஒருவன் இப்படிக் கற்பனை செய்திருந்தால் நம்பத்தகாதது என்று ஒதுக்கியிருப்போம். வாழ்க்கையே வலிய வந்து கொடுத்த இந்த விஷயத்தை வைத்துக்கொண்டு, 2018-இல் 'கிங் ஆஃப் தீவ்ஸ்' என்ற படத்தை எடுத்தவர்கள், அதற்கு ஆங்கிலத் திரையுலகின் முதுபெரும் நடிகர்களையெல்லாம் ஒருங்கே சேர்த்தார்கள். மைக்கேல் கெய்ன் ரீடராக வந்தார். ஜிம் பிராட்பென்ட் பெர்கின்ஸாகவும், டாம் கோர்ட்னி காலின்ஸாகவும், ரே வின்ஸ்டன் அதே கூட்டத்தைச் சேர்ந்த டேனி ஜோன்ஸாகவும் வந்தார்கள். மைக்கேல் காம்பன்கூட ஒரு சிறு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டார். இந்தப் பெயர்களைப் படித்தபோது எனக்கு உண்டான எதிர்பார்ப்பை மறைக்க வேண்டியதில்லை. அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய ஏமாற்றத்தோடுதான் படம் முடிந்தபோது எழுந்தேன். ஒரு சாதாரணமான படம் சாதாரணமாக இருந்துவிட்டுப் போனால் அதைப் பற்றி நடுப்பக்கத்தில் எழுதவேண்டிய அவசியமில்லை. ஆனால் உண்மையில் நடந்த ஒரு குற்றத்தைத் திரைக்குக் கொண்டுவருகிறவர்கள் யாருக்குக் கடன்பட்டவர்கள் என்ற கேள்வியை இந்தப் படம் தன் குறைகளாலேயே எழுப்பிவிட்டது.

இதன் டைரக்டர் ஜேம்ஸ் மார்ஷ் இத்துறையில் புதியவர் அல்லர் என்பதுதான் மனவருத்தத்தை அதிகமாக்குகிறது. பிலிப் பெத்தி என்ற பிரெஞ்சுக் கழைக்கூத்தர் 1974 ஆகஸ்டில், யாருடைய அனுமதியும் இன்றி, நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கிடையே கம்பி கட்டி நடந்ததைப் பற்றி 2008-இல் அவர் எடுத்த 'மேன் ஆன் வயர்' என்ற ஆவணப்படம், ஆஸ்கார் பரிசு பெற்றது. அதில் திருட்டு எதுவும் இல்லை. ஆயினும் களவுப்படங்களில் நான் பார்த்தவற்றுள் முதல் வரிசையில் வைக்கத்தக்கது அது. இருட்டில் கூரைக்குத் தளவாடங்களைக் கொண்டுபோனதும், காவலாளி நடமாடும் மாடியில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே மணிக்கணக்காக அசையாமல் ஒடுங்கிக் கிடந்ததும், ஒரு கோபுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வில்லினால் அம்பு எய்து நூல் செலுத்தியதும், அவற்றைச் செய்தவர்களின் வாயாலேயே சொல்லப்படும்போது, அவர் விழவில்லை, உயிரோடிருக்கிறார் என்று முன்பே அறிந்த நமக்கும் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. காரியத்தின் நுட்பத்தை ஒன்றுவிடாமல் காட்டினால் முடிவு தெரிந்த கதையும் புதிய கதையாகிவிடும் என்ற ரகசியத்தைக் கண்டுபிடித்தவர், பத்து வருஷம் கழித்து, அந்த ரகசியம் வேறெந்தக் கதையையும்விட அதிகமாகத் தேவைப்பட்ட ஒரு கதையில் அதைக் கைவிட்டது ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஹாட்டன் கார்டனில் நடந்த காரியத்தின் நுட்பம் அந்தச் சுவரில் இருக்கிறது. வைர முனை பொருத்திய கனமான துளைப்பான் ஒன்றை அங்கே நிறுத்தி, ஒன்றோடொன்று சேரும்படி மூன்று வட்டத் துளைகளை அடுத்தடுத்து இட்டார்கள். அப்படிக் கிடைத்த வழியின் அகலம் 45 சென்டிமீட்டர். உயரம் 25 சென்டிமீட்டர். இப்போது கையிலிருக்கும் பத்திரிகையைச் சற்றே விரித்துப் பிடித்தால் அந்த அளவு கண்ணுக்குத் தெரியும். அரை மீட்டர் நீளமுள்ள அந்தக் கல் குகைக்குள் தலையை நுழைத்து, கைகளை முன்னே நீட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மனிதன் ஊர்ந்து போகவேண்டும். கூட்டத்தில் உடல் மெலிந்தவர்களால்தான் அது முடிந்தது. அதிலும், முதல் இரவு சுவரைத் துளைத்த பிறகுதான், அதற்குப் பின்னால் தரையோடும் கூரையோடும் சேர்த்து முடுக்கப்பட்டிருந்த இரும்பு அலமாரி அவர்களுடைய வழியை அடைத்துக்கொண்டு நின்றது தெரிந்தது. அதைத் தள்ளுவதற்காகக் கொண்டுவந்திருந்த ஹைட்ராலிக் சாதனம் முறிந்துபோயிற்று. பல மணி நேரப் பிரயாசையெல்லாம் வீணாகி, வெள்ளிக்கிழமை காலையில் வெறுங்கையோடு திரும்பினார்கள். திட்டத்தின் கர்த்தா என்று கருதப்பட்ட ரீடர், இனி வேண்டாம் என்று அத்தோடு விலகிவிட்டார். மற்றவர்களோ கடைக்குப் போய்ப் புதுச் சாதனம் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை இரவு மீண்டும் வந்தார்கள்.

ரீடர் விலகியதற்கும் மற்றவர்கள் திரும்பியதற்கும் இடைப்பட்ட அந்த ஒன்றரை நாள்தான் இந்தக் கதையின் உயிர்நிலை என்பது என் திடமான அபிப்பிராயம். ஆயுள் முழுவதும் களவையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு கிழவர், வெற்றி ஒரு முழ தூரத்தில் இருக்கும்போது எழுந்து போகிறார் என்றால், அவர் மனத்தில் நிகழ்ந்தது அச்சமா, அனுபவமா, களைப்பா? அறுபத்தேழாவது பிறந்த நாளன்று, நீரிழிவுக்கு மருந்தும் கையுமாக மறுபடி அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நின்ற பெர்கின்ஸை இழுத்து வந்தது எது? படம் இந்த இடத்துக்கு வருகிறது; நிற்காமல் போய்விடுகிறது. ஜூல்ஸ் தாசின் 1955-இல் பிரான்சில் எடுத்த 'ரிஃபிஃபி' என்ற படத்தில், நகைக்கடையின் கூரையை உடைக்கும் காட்சி ஏறக்குறைய அரைமணி நேரம், பேச்சும் இசையும் இன்றி, சுத்தியலின் மெல்லிய ஒலியும் மனிதர்களின் மூச்சும் மட்டுமாக நடக்கிறது. அது கற்பனைக் கதை. கற்பனைக் களவுக்கு ஒரு கலைஞன் காட்டிய அந்தப் பொறுமையில் கால்வாசியேனும் மெய்யான களவுக்குக் கிடைத்திருக்கக் கூடாதா? இங்கோ துளைப்பான் சுழலும்போதெல்லாம் பின்னணியில் வாத்தியம் முழங்கி, நாம் கேட்கவேண்டிய ஒலியைக் கேட்கவொட்டாமல் செய்கிறது.

களவின் முதல் இரவிலேயே, வெள்ளிக்கிழமை பிறந்து இருபது நிமிஷமான நள்ளிரவில் அபாய மணிச் செய்தி வெளியே போனது. போலீசாருக்குத் தகவல் எட்டியது. ஆள் அனுப்பத் தேவையில்லாத வகையில் அது சேர்க்கப்பட்டுவிட்டது. பின்னாளில் லண்டன் போலீசார் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். காவலாளி ஒருவர் நேரில் வந்து, வெளியிலிருந்தபடியே பார்த்து, கதவுகள் உடைபடாமல் இருந்தமையால் திரும்பிப் போனார். உள்ளே இருந்தவர்களுக்கும் அவருக்கும் இடையே ஒரு கட்டடத்தின் சுவர்தான். தார்ப்பாய்க்குக் கீழே ஒளிந்தவனுடைய இருதயத் துடிப்பை நமக்குக் கேட்கச் செய்த டைரக்டருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அவர் வேறொன்றை நாடினார். முதுமையின் அவஸ்தைகளை நகைச்சுவையாக்கினார். காது மந்தம், மாத்திரைப் பெட்டி, காவலுக்கு இருந்தவர் கண்ணயர்ந்துவிடுவது ஆகியவற்றையெல்லாம் அடுக்கி, முற்பாதி முழுவதும் அந்தக் கிழவர்களைப் பார்த்து நாம் செல்லமாகச் சிரிக்கும்படி செய்தார். அவற்றுள் பல மெய்யாகவே நடந்தவை என்பதை நான் மறுக்கவில்லை. காலின்ஸ் தூங்கிப்போனது பிரசித்தமான சங்கதி. ஆனால் பெர்கின்ஸ் என்ற மனிதர் யார்? 1983-ஆம் வருஷத்து ஈஸ்டர் வாரத்தில், லண்டனில் செக்யூரிட்டி எக்ஸ்பிரஸ் கம்பெனியின் பணக்கிடங்கில் அறுபது லட்சம் பவுண்ட் கொள்ளையடித்த வழக்கில் 22 வருஷத் தண்டனை பெற்றவர். அந்தக் கொள்ளையில், காவலாளி ஒருவர்மீது பெட்ரோலை ஊற்றித் தீ வைத்துவிடுவதாக மிரட்டினார்கள். ரீடர், அதே வருஷம் ஹீத்ரோ விமான நிலையத்தருகே கொள்ளைபோன பிரிங்க்ஸ்-மாட் தங்கத்தைக் கைமாற்றியதற்காகச் சிறை சென்றவர். இவர்களைப் பத்திரிகைகள் 'தாத்தாக்கள்' என்று அழைத்ததில் ஒரு பிழை இருந்தது; அதைத் திருத்தும் வாய்ப்புப் படத்துக்குக் கிடைத்தது. பிற்பாதியில், பங்கு பிரிக்கும் சச்சரவில், பிராட்பென்ட் அந்த வாய்ப்பைத் தனியொருவராகப் பிடித்துக்கொள்கிறார். சாந்தமான முகங்களையே நமக்குக் காட்டிப் பழகிய அந்த நடிகர், கண்களில் ஒரு குளிர்ச்சியை வரவழைத்துக்கொண்டு கெய்னை அவமதிக்கும் நிமிஷங்களில் மட்டும், இந்தப் படம் எப்படி இருந்திருக்கலாம் என்பது பிரத்தியட்சமாகிறது. ஆயினும் முற்பாதியில் சிரித்துப் பழகிய நம் உதடுகள் அதற்குள் இறுகிவிடுவதில்லை. சிரிப்புக்கும் பயத்துக்கும் நடுவே படம் தத்தளிக்கிறது.

போலீசார் அவர்களுடைய கார்களுக்குள் ஒட்டுக்கேட்கும் கருவிகளை வைத்து, அந்தக் கிழவர்கள் தங்கள் சாமர்த்தியத்தைத் தாங்களே வியந்து பேசிக்கொண்டதையெல்லாம் பதிவு செய்தார்கள். வழக்கின் முதுகெலும்பு அதுவே. காதோடு காதாக எழுபது வயதுக்காரர்கள் பீற்றிக்கொள்வதும், இல்லாதவரைப் புறங்கூறுவதும், வேறொருவர் காதில் விழுந்துகொண்டிருக்கிறது என்பதில் எவ்வளவு பெரிய சோகம் இருக்கிறது! அதையும் படம் வழக்கைச் சீக்கிரம் முடிப்பதற்கான உபாயமாகவே கையாள்கிறது. கூட்டத்தின் எச்சரிக்கை மணி நிபுணரான 'பேசில்' என்பவரை வாலிபராகக் காட்டியதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். மெய்யான பேசில் 2018 மார்ச்சில்தான் பிடிபட்டார், மறு வருஷம்தான் தண்டனை பெற்றார். தெரியாததைக் கற்பனை செய்வது கலைஞனின் உரிமை. தெரிந்ததை உதறிவிட்டதே என் வருத்தம்.

தெரிந்த விஷயங்களில் தலையாயது, அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது யாருடையது என்பது. ஹாட்டன் கார்டனின் பெட்டகத்தை உபயோகித்தவர்களில் பெரும் வணிக நிறுவனங்கள் மட்டும் இல்லை. ஒரே ஒரு மேஜையையும் ஒரு விளக்கையும் வைத்துக்கொண்டு தொழில் பார்த்த சிறு வியாபாரிகளும், குடும்ப நகையைப் பாதுகாப்புக்காக வைத்திருந்த சாமானியர்களும் இருந்தார்கள். பலர் தங்கள் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் செய்திருக்கவில்லை என்று அப்போதே செய்திகள் வந்தன. கற்களாகவே சேமித்து, அவற்றையே முதுமைக்கான ஆதாரமாக எண்ணியிருந்தவர்களுக்கு அந்தச் சுவரின் துளை என்ன அர்த்தத்தைத் தந்திருக்கும்! களவாடியவர்களும் முதியவர்கள், களவு கொடுத்தவர்களிலும் முதியவர்கள் இருந்தார்கள். ஒருவருடைய முதுமையை நூறு கோணங்களில் காட்டிய படம் மற்றவருடைய முதுமையின் பக்கம் நின்று பேசவே இல்லை. பொருளின் பெரும்பகுதி இன்றுவரை மீளவில்லை. பெட்டகக் கம்பெனியும் அந்த வருஷத்துக்குள்ளேயே மூடப்பட்டது.

இது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அதே 2018-இல் வெளிவந்த 'அமெரிக்கன் அனிமல்ஸ்' என்ற படத்தில், பார்ட் லேடன் என்ற டைரக்டர் அதைச் செய்து காட்டினார். 2004-இல் கென்டக்கி மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்திலிருந்து, ஆடுபன் வரைந்த பறவைச் சித்திரங்களின் விலைமதிப்பற்ற தொகுதியைத் திருட முயன்ற நான்கு மாணவர்களின் கதை அது. களவுப்படங்களைப் பார்த்துப் பார்த்துத் திட்டமிடும் அந்த இளைஞர்கள் கிழவர்களைப்போல் வேஷம் போட்டுக்கொண்டு போகிறார்கள். மார்ஷின் படத்துக் கிழவர்கள் இளமைக்குத் திரும்பப் பார்க்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது அந்த ஒற்றுமை என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆனால் லேடன், நூலகப் பெண்மணியின் கைகால்களைக் கட்டும் இடம் வந்ததும் சாகசத்தின் சந்தோஷம் முழுவதையும் ஒரே வீச்சில் துடைத்துவிடுகிறார். அவள் அழுகிறாள், கட்டுகிறவனுடைய கை நடுங்குகிறது, நமக்கு வெட்கமாக இருக்கிறது. கடைசியில் மெய்யான அந்தப் பெண்மணியே கேமராவின் முன் வந்து பேசுகிறார். அதன்பின் அந்த நால்வர்மீது நமக்கு எஞ்சும் அனுதாபம் வேறு தரத்தது. விலை கொடுத்து வாங்கியது.

மார்ஷின் படம் தன் இறுதியில் எதைக் காட்டுகிறது? தலைவாரி, சூட் அணிந்து, நியாயஸ்தலத்துக்குப் புறப்படும் அந்த முதிய முகங்களின் நடுவே, அந்நடிகர்களின் வாலிபகாலப் படங்களிலிருந்து எடுத்த காட்சிகள் மின்னி மறைகின்றன. அழகான யுக்திதான், கெய்னின் பழைய முகத்தைக் கண்டதும் என் நெஞ்சமும் ஒரு கணம் இளகிற்று. ஆனால் அந்த இளக்கம் யாருக்கு உரியது? ஐம்பது வருஷமாக நம்மை மகிழ்வித்த நடிகருக்கு நாம் வைத்திருக்கும் அன்பை, ரீடர் என்ற மனிதரின் கணக்கில் வரவு வைக்கும் காரியம் அங்கே நடக்கிறது. படம் வெளிவந்த 2018-ஆம் வருஷம் ஜனவரியில்தான் நீதிமன்றம், ரீடர், காலின்ஸ், ஜோன்ஸ், பெர்கின்ஸ் ஆகிய நால்வரும் மொத்தம் 2.75 கோடி பவுண்ட் செலுத்தவேண்டும், தவறினால் கூடுதலாகச் சிறையிருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்த சில தினங்களிலேயே பெர்கின்ஸ் பெல்மார்ஷ் சிறையில் இறந்துபோனார். செப்டம்பரில் படம் திரைக்கு வந்தது.

களவு வெளிப்பட்டது 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில். விடுமுறை முடிந்து கடை திறக்க வந்த வியாபாரிகள், 88-90 இலக்கக் கட்டடத்துக்கு முன்னால், போலீசார் கட்டியிருந்த நாடாவுக்கு வெளியே கூடிநின்றார்கள். உடைபட்டவை எந்தெந்தப் பெட்டிகள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. உள்ளே தடயங்களைச் சேகரிக்கும் வேலை நாள்கணக்கில் நடந்தது. தன் பெட்டி அந்த எழுபத்து மூன்றில் ஒன்றா, இல்லையா என்று அறியாமலே, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர்கள் அந்தத் தெருவில் காத்திருந்தார்கள்.