மேடைக்குக் கீழே தனியாக ஒரு தாய்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைத் தலைவர் டாலின் ஓக்ஸ் அவர்களுக்கு,

நம் சபையில் 1 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருப்பதாக ஆண்டறிக்கை சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வந்தார்கள் என்பது அதில் இருப்பதில்லை. ஒவ்வொரு வார்டிலும், அதாவது உள்ளூர் சபையிலும், எழுத்தர் தலைகளை எண்ணிக் குறித்து அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். மார்மனாக, அதாவது நம் சபையில், வளர்ந்த அமெரிக்கர்களில் சபையில் நிலைத்தவர்கள் 2007இல் 70 சதவீதம், 2014இல் 64 என்று பியூ ஆய்வு மையம் சொன்னது. கைக்குழந்தையோடு வந்த தம்பதிகள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோவது உங்களுக்குத் தெரியாததல்ல.

விசுவாசம் குறைந்துவிட்டது என்கிறார்கள் பெரியவர்கள். சபை வரலாறு பற்றிய கேள்விகள், தன்பாலினத் தம்பதிகளின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் மறுத்து 2019இல் கைவிடப்பட்ட விதி, இவையும் பலரை விலக்கியிருக்கின்றன. அவற்றைப் பேசப் பலர் இருக்கிறார்கள். யாரும் பேசாத ஒரு பெஞ்சைப் பற்றி எழுதுகிறேன்.

வார்டை நடத்தும் பிஷப்பும் அவருடைய இரண்டு ஆலோசகர்களும் ஆராதனை முழுக்க மேடையில் இருப்பார்கள். பலருக்கு வயது முப்பதுகளில்தான். அவர்கள் மனைவியர் கீழே, பிள்ளைகளோடு தனியாக. திருவிருந்துத் தண்ணீர்த் தட்டு கைமாறி வரும்போது இடுப்பில் குழந்தை. மூன்று வயதுக்காரன் கீழே சிந்திய சீரியோஸைப் பொறுக்கித் தின்கிறான். பெரியவள் பென்சிலுக்கு அழுகிறாள். அடுத்த மணி நேரம் அதே தாய் சிறுவர் வகுப்பில் ஆசிரியை. கணவர் நேர்காணல், ஆலோசனைக் கூட்டம் முடித்து வீடு வர மாலையாகிவிடும். கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் சனிக்கிழமை முறை வேறு. யாருக்கும் சம்பளம் இல்லை. அந்த ஊழியத்தை நான் மனதார மதிக்கிறேன். ஆராதிக்க வந்தவள் ஒரு ஜெபத்தைக்கூட முழுதாகக் கேட்காமல் திரும்புகிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

2019 ஜனவரியில் மூன்று மணி நேரக் கூட்டத்தை இரண்டு மணி நேரமாக்கியது நல்ல காரியம். வேலை மட்டும் குறையவில்லை. ஒரு குடும்பம் நின்றால் அதன் பொறுப்புகள் அடுத்த குடும்பத்தின் தலையில் விழுகின்றன. கொஞ்ச நாளில் அவர்களும் களைத்து நிற்கிறார்கள்.

உங்களுக்கு ஏழு வயதில் தந்தை காசநோயால் இறந்தார். தாயார் ஸ்டெல்லா மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். துணையின்றிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சபைக்கு வருவது என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கூட்டத்தை நடத்துபவர் மட்டும் மேடையில் இருக்கட்டும்; மற்ற இருவரும் மனைவி மக்களோடு உட்காரட்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இருவருக்கும் ஒரே நேரத்தில் பாரமான பொறுப்பு வேண்டாம். கட்டடம் துடைக்கச் சம்பளத்துக்கு ஆள் வையுங்கள். சபையின் முதலீடுகள் அதைத் தாங்கும். வருகைக் கணக்கை ஏப்ரல் அறிக்கையில் சேருங்கள். எவ்வளவு பேரை இழக்கிறோம் என்று எல்லோரும் அறியட்டும்.

இவற்றுக்காகக் கோட்பாடு எதையும் தொட வேண்டாம். மேடை ஏற்பாட்டை மாற்ற பிஷப்புகளுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அதையாவது இந்த மாதமே அனுப்புங்கள்.

அன்புடன்,
யூட்டாவிலிருந்து ஒரு சபைச் சகோதரி