நல்ல காரியத்தில் ஒரு கேள்வி

என் சகலை என்னோடு பேசுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. நான் அவரிடம் கடன் கேட்கவில்லை. என் கதை எதிலும் அவரைப் பாத்திரமாக்கிவிடவும் இல்லை. அவருடைய மகன் சென்னையில் ஒரு பிளாட் வாங்கப் போகிறான் என்ற சந்தோஷச் செய்தியோடு, ஒரு பெட்டி மைசூர்பாகும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அந்த மனையில் பையனுக்குப் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி?" என்று கேட்டேன். அவ்வளவுதான். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "நல்ல காரியம் ஆரம்பிக்கிறபோது வாயில் நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த 'நல்ல காரியம்' என்கிற இரண்டு வார்த்தைகளின் மேல்தான் கோபம். இந்த நாட்டில் எத்தனையோ கேள்விகளை அவை கழுத்தை நெரித்துக் கொன்றிருக்கின்றன. அதில் என்னுடைய கேள்விகளும் உண்டு.

முதல் வீடு வாங்குகிறவன் நெஞ்சில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒருவர் சந்தோஷம். இன்னும் எழும்பாத சுவரில் எங்கே சுவாமி படம், எங்கே புத்தக அலமாரி என்று அவர் தீர்மானித்துவிடுகிறார். மற்றவர் பயம். நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, 'வேலை போனால்? வட்டி ஏறினால்? பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால்?' என்று கேட்கிறவர் அவர். நம்முடைய உற்றார் உறவினர் எல்லாரும் சேர்ந்து முதலாமவருக்கு மாலை போடுகிறார்கள். இரண்டாமவரைப் பிடித்து வெளியே தள்ளுகிறார்கள். தள்ளப்பட வேண்டியவர் அவர் அல்ல என்பது என் கட்சி. அந்த இரண்டு பேரில் புத்திசாலி அவர் ஒருவர்தான்.

நான் ஒன்றும் வீட்டாசை இல்லாத ஞானி அல்ல. என் அப்பா இறந்தபோது நாங்கள் திருவல்லிக்கேணியில் ஒரு பொதுமுற்ற வீட்டில் குடித்தனம் இருந்தோம். உடலை ராத்திரி வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று வீட்டுக்கார அம்மாள் ரேழியில் நின்று சொன்னாள். உரக்கக்கூடச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். ஊரிலிருந்து வர வேண்டிய என் தமக்கை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு என் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பல வருஷம் கழித்துத்தான், ஏதோ பேச்சுவாக்கில், "என்னை எடுத்துக்கொண்டு போகிறபோதாவது சொந்த வாசல்படியைத் தாண்டிப் போகணும்டா" என்றாள்.

வாடகை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுவரில் ஆணி அடிக்க உத்தரவு, விருந்தாளி நாலு நாள் தங்கினால் தண்ணீர்க் கணக்கு, பதினோரு மாதத்துக்கு ஒரு தரம் வாடகை உயருமோ என்ற நெஞ்சிடி! இதிலிருந்து விடுபட நினைப்பதைப் பேராசை என்று சொல்கிறவன் மனிதனே அல்ல. ஆகவே நான் வீடு வாங்காதே என்று சொல்ல வரவில்லை. இவ்வளவு நியாயமான ஆசையை வைத்து வியாபாரம் செய்கிறவர்களிடம் வாயைப் பொத்திக்கொண்டு ஏன் போய் நிற்கிறோம் என்றுதான் கேட்கிறேன்.

நான் அப்படித்தான் போய் நின்றேன். 2013-இல் தாம்பரத்துக்கு அப்பால், ஒரு வெற்று மனையில் நின்றுகொண்டு, ஆகாயத்தில் மூன்றாவது மாடியைச் சுட்டிக்காட்டி, "அதோ, அதுதான் சார் உங்கள் வீடு" என்றார் கட்டுகிறவர். நானும் என் மனைவியும் அண்ணாந்து பார்த்துக் கண் கலங்கினோம்! முப்பத்துநாலு பக்க ஒப்பந்தம், முழுக்க இங்கிலீஷில். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து. ராகுகாலம் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று பெரியப்பா அவசரப்படுத்தினார். நான் பத்தாவது பக்கத்தில் கொஞ்சம் தயங்கினேன். "என்ன சார், நம் மேல் நம்பிக்கை இல்லையா?" என்றார் அவர். எப்பேர்ப்பட்ட கேள்வி! வியாபாரத்தை ஒரே நொடியில் உறவாக்கிவிட்டார். உறவில் சந்தேகப்படுவது பாவம் அல்லவா? நான் மீதி இருபத்துநாலு பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிட்டேன்.

கால் கிலோ வெண்டைக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்க்கிற ஜாதி நாம்! கடைக்காரன் முறைத்தாலும் ஒடிக்கிறோம். இருபது வருஷத்துச் சம்பாத்தியத்தைத் தூக்கிக் கொடுக்கிறபோது மட்டும் நமக்குப் பெருந்தன்மை வந்துவிடுகிறது.

அந்தப் பெருந்தன்மையின் விலையைச் சொல்கிறேன். நான் தவணை கட்டத் தவறினால் நூற்றுக்கு 24 வட்டி என்று இருந்தது ஒரு பக்கத்தில். அவர் வீட்டைக் கொடுக்கத் தவறினால் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் என்று இருந்தது இன்னொரு பக்கத்தில். அதற்கும் கீழே, 'எதிர்பாராத காரணங்கள்' என்று ஒரு பத்தி. மழையிலிருந்து மணல் தட்டுப்பாடு வரை எல்லாம் அதற்குள் அடக்கம். விளம்பரத்தில் 1,050 சதுர அடி. கடைசியில் நான் நாடா பிடித்து அளந்தபோது உள்ளே 760 தான் இருந்தது. மிச்சம் எங்கே என்றால், மாடிப்படியிலும் நடையிலும் லிப்ட் குழியிலும் என் பங்கு கலந்திருக்கிறதாம்! லிப்ட் குழியில் நான் எப்போது போய்ப் படுப்பது?

அடுத்தது அந்தப் பிரசித்தி பெற்ற உபதேசம்: "வாடகையாகக் கொடுக்கிற பணத்தைத் தவணையாகக் கட்டினால் வீடு உனக்குச் சொந்தமாகிவிடுமே!" இதைச் சொல்லாத உறவினர் இல்லை. நான் அப்போது கொடுத்த வாடகை 9,000 ரூபாய். பாங்கில் வாங்கியது 30 லட்சம். கடன் என் மனைவியின் உத்தியோகத்தின் பேரில்தான்; எழுத்தாளனை நம்பி எந்த பாங்க் கொடுக்கும்? நூற்றுக்குப் பத்து வட்டி, இருபது வருஷம் என்றால் மாதத் தவணை 28,951 ரூபாய். முழுத் தவணை கட்டுகிற முதல் மாதத்தில் அதில் 25,000 வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 3,951. ஒரு வருஷம் முழுக்கக் கட்டினால் 3,47,412 ரூபாய். கடனில் குறைந்திருப்பது ஐம்பதினாயிரத்துக்கும் கொஞ்சம் கீழே. வட்டி மாறாமலே இருந்தாலும் கடைசித் தவணை கட்டுகிற அன்றைக்கு 30 லட்சத்துக்கு 69 லட்சத்துக்கு மேல் கொடுத்திருப்போம். இதைத் தெரிந்துகொண்டு ஒருவன் கடன் வாங்கினால் அவன் தைரியசாலி. தெரியாமல் வாங்கினால்? அவனைத்தான் நாம் 'சொந்த வீட்டுக்காரர்' என்று கை குலுக்குகிறோம்.

வீட்டை 2015 மார்ச்சில் தருவதாகப் பேச்சு. 2014 ஜூன் 28-ஆம் தேதி சாயங்காலம் மழையில், போரூருக்குப் பக்கத்தில் மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்து போயிற்று. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பிழைப்புக்காக வந்து அங்கே கல்லும் மண்ணும் சுமந்தவர்கள். எந்தக் காலத்திலும் ஒரு பிளாட் வாங்க முடியாதவர்கள். மறுநாள் காலை நான் தாம்பரத்துக்கு ஓடினேன். நாலு மாடி எழும்பியிருந்தது. ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டுப் பார்த்து எனக்கு என்ன தெரியும்? "மண் பரிசோதனைச் சீட்டைக் காட்ட முடியுமா?" என்று கட்டுகிறவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து சொன்னால், "அபசகுனமாகப் பேசாதே" என்றார்கள்.

மவுலிவாக்கத்தில் பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள். டெலிவிஷனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது: நாம் கேட்காமல் விழுங்குகிற கேள்விக்கு நாம் மட்டுமா விலை கொடுக்கிறோம்? சாரத்தின் மேல் நிற்கிறவன் அல்லவா முதலில் கொடுக்கிறான்!

அதே 2016-இல்தான் பார்லிமெண்டில் ரியல் எஸ்டேட் சட்டம் நிறைவேறிற்று. மறு வருஷம் தமிழ்நாட்டுக்கும் விதிகள் வந்தன. அதற்குள் அடங்கிய கட்டடங்களுக்கு அது என்ன சொல்கிறது? உள்ளே புழங்குகிற இடத்தின் அளவைச் சொல்லித்தான் விற்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கை நீட்டக் கூடாது. வாங்குகிறவர்கள் கொடுத்த பணத்தில் 70 சதவிகிதம் அந்தக் கட்டடத்துக்கென்று தனிக் கணக்கில் இருக்க வேண்டும். நான் தாமதித்தால் எனக்கு என்ன வட்டியோ, அவர் தாமதித்தால் அவருக்கும் அதே வட்டி. கட்டுமானத்தில் ஐந்து வருஷத்துக்குள் கோளாறு கண்டால் அவர் செலவில் சரி செய்ய வேண்டும்.

இந்தச் சட்டத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒவ்வொரு பிரிவும் நான் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து எனக்கு நானே கேட்டுக்கொண்ட கேள்வி! பகலில் வாய் திறந்தால் அபசகுனம் என்று அடக்கிய அதே கேள்வி! இந்தத் தேசத்தில் பயந்தவர்கள் எல்லாருடைய கேள்விகளையும் வரிசையாக எழுதி, கடைசியில் ராஜ்ய முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஆனால் சட்டம் வந்து கதவைத் தட்டாது, ஐயா. கேட்கிறவனுக்குத்தான் அது துணை. 'நல்ல காரியம்' என்று வாய் மூடிக்கொண்டவனுக்கு 2016-உம் ஒன்றுதான், 1916-உம் ஒன்றுதான்.

"இப்படிப் பயமுறுத்தினால் எவன் வீடு வாங்குவான்?" என்று கேட்பீர்கள். கேட்டுவிட்டு வாங்குகிறவன் வாங்குவான். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றிதழைப் போட்டுப் பார்க்கட்டும். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை பத்திரங்கள் சங்கிலி அறாமல் வருகின்றனவா என்று தனக்கென்று ஒரு வக்கீலை வைத்துப் படிக்கச் சொல்லட்டும். கட்டுகிறவர் சிபாரிசு செய்த வக்கீலை அல்ல. அனுமதி பெற்ற வரைபடத்தில் எத்தனை மாடி, நிற்பது எத்தனை மாடி என்று எண்ணட்டும். இதற்கு ஆகிற செலவு கிரகப்பிரவேசத்துச் சாப்பாட்டுச் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. எல்லாம் சரியாக இருந்தால் சந்தோஷம் ஒரு பிடி கூடத்தானே செய்யும்? கேள்வி கேட்டதால் உடைந்துபோகிற காரியம் நல்ல காரியமாக எப்படி இருக்க முடியும்?

எங்கள் வீட்டுச் சாவி 2017 ஜனவரியில் கைக்கு வந்தது. அம்மா 2016 மே மாதமே போய்விட்டாள், வாடகை வீட்டிலேயே. அந்த வீட்டுக்காரர், நாங்கள் கேட்காமலே, வாசலில் பந்தல் போட ஆள் அனுப்பினார். என் தமக்கை வருகிற வரைக்கும், மறுநாள் மத்தியானம்வரை, உடலை வைத்திருந்தோம். அவர் தம் வீட்டு அடுப்பில் எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அந்த மனிதருக்கு நான் பட்டிருக்கிற கடனுக்குத் தவணை கிடையாது. ஆனாலும் இருபத்திரண்டு மாதத் தாமதம் என்பதை, சதுர அடிக்கு ஐந்து ரூபாய் என்று கணக்குப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்த ஐந்து ரூபாயும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

என் சகலைக்கு இந்தக் கதையெல்லாம் தெரியும். அம்மாவின் காரியத்துக்கு வந்து பத்து நாள் கூட இருந்தவர்தான். இருந்தும் மகனுடைய வீடு என்றதும் அவருக்கும் அந்த இரண்டு வார்த்தைகள்தான் வாயில் வருகின்றன.

போன வாரம் பையன் மட்டும் தனியாக வந்தான். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றான். கையில் ஒப்பந்தத்தின் நகல். பதினாலாவது பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தான். "பெரியப்பா, இது என்ன, 'எதிர்பாராத காரணங்கள்' என்று ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டான்.

நான் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.