'தரிசு' என்றொரு பழிச்சொல்

தோழனே!

கோடை கொளுத்தும் நண்பகலில் அருப்புக்கோட்டையிலிருந்து கமுதி நோக்கிப் பேருந்தில் போயிருக்கிறாயா? கூட்டம் பேசிக் கட்டிய தொண்டையோடு நான் பலமுறை போயிருக்கிறேன். வெடித்துக் கிடக்கும் கரிசல். கண்ணுக்கெட்டிய தொலைவு முட்புதர். "ஒன்றுக்கும் உதவாத பூமி" என்பார் பக்கத்தில் இருப்பவர். அவர் சொன்னால் அது சலிப்பு; அரசாங்கம் சொன்னால் அது தீர்ப்பு! கணக்கேட்டில் 'தரிசு' என்ற சொல் ஏறிவிட்டால், அங்கே நிற்கும் செடிக்கும், மேயும் ஆட்டுக்கும், கிடை போடும் கீதாரிக்கும் வழக்காட வாயில்லை.

கிஸ்தி தராத மண்ணெல்லாம் பாழ்மண் என்றது வெள்ளையன் பார்வை. அவன் போனான், பார்வை போகவில்லை. தில்லி அரசு 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுப்பின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பைப் பார். அடர்ந்த புதர் நிலம் ஒரு பிரிவு. அடர்த்தியற்ற புதர் நிலம் மற்றொரு பிரிவு. இரண்டுமே தரிசுக் கணக்கில்! அடர்ந்து வளர்ந்தாலும் பாழ், விலகி வளர்ந்தாலும் பாழ் என்றால், பாவம், அந்தச் செடி வேறென்னதான் செய்யும்?

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். தாவரநூல் என் துறையன்று. ஆயினும் எருக்கிலையை விரலால் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். மாவு பூசினாற்போல் மெழுகு! விராலி இலைக்குப் பிசின் பூச்சு. இரண்டும் உள்ளிருக்கும் நீரை வெயில் களவாடாமல் காக்கும் கவசங்கள். கள்ளியோ கெட்டிக்காரி. பகலில் வாய் திறந்தால் ஈரம் போய்விடுமென்று, இரவிலே துளை திறந்து காற்றை வாங்கி வைத்துக்கொள்கிறாள். பகலில் கதவைச் சாத்திச் சமைக்கிறாள்.

ஆவாரையைச் சொல்லாமல் விடலாமா? சங்கத் தலைவன் மடலேறியபோது பனைமடற் குதிரைக்கு எருக்கோடும் பூளையோடும் சூட்டிய மலர் அது. பொங்கலுக்கு முன் கூரையில் செருகும் காப்புக் கட்டில் இன்றும் அது சிரிக்கிறது. அதன் பட்டையில் பதனிட்ட சென்னைத் தோல் ஒரு காலத்தில் கப்பலேறி இலண்டன் போனது. செடியை வெட்டியவன் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. தோல் விற்றவன் பெயர் மாளிகை வாசலில் இருந்தது.

"அப்படியானால் சீமைக்கருவேலையும் வாழட்டுமா?" என்று மடக்குவாய். இல்லை. அது அமெரிக்கக் கண்டத்து முள். பழைய ஆட்சியாளர் ஒருவர் வானத்திலிருந்து தூவிய விதை என்று மேடைகளில் முழங்குகிறார்கள், நாமும் முழங்கியிருக்கிறோம்! மாற்றாரைத் தாக்க வாகான கதைதான், ஆனால் அந்த முள் அதற்கு நெடுநாள் முன்பே வந்துவிட்டது. 1877ஆம் ஆண்டளவில், வெள்ளையர் ஆண்ட சென்னை மாகாணத்தில், கடப்பைப் பக்கம் காலூன்றியது. 'வெற்று' நிலத்தை விறகால் நிரப்ப வந்த முள், பிறகு அண்டைச் செடிகளை நெருக்கித் தள்ளிற்று. கரிமூட்டம் போட்டு அதை நம்பிப் பிழைக்கும் ஏழைகளும் இராமநாதபுரத்தில் உண்டு. அவர்களை மறந்து எடுக்கும் எந்த முடிவும் அரை முடிவே.

அதை அகற்றச் சொல்லி 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. அயல் களைகளுக்கென மாநில அரசு 2022இல் கொள்கையே வகுத்தது. நல்லது. ஆனால் பொக்லைனை ஓட்டுபவனுக்கு எது சீமைமுள், எது இலந்தை என்று எவர் காட்டுவது? எல்லாமே 'தரிசு' என்று எழுதிய இடத்தில் எல்லாமே குப்பையாகத்தானே வாரப்படும்? முள் போன இடத்தில் மறுபடி முளைப்பது ஆவாரையா, கம்பிவேலியா?

அடுத்த கிராமசபைக்குப் போ, தோழனே. போகுமுன் ஊர்க் கீதாரியை அழைத்துக்கொண்டு புறம்போக்கை ஒருமுறை சுற்றி வா. அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு செடியின் பெயரையும் எழுதிக்கொள். அந்தத் தாளைச் சபையிலே உரக்கப் படி. முள் எடுக்கும் தீர்மானத்தோடு அதையும் இணைக்கச் சொல்.