ஓஷினுக்காக அழுத கண்கள்

கொரியத் தொடர்களும் ஜப்பானியப் படங்களும் எமது மாணவரைக் கெடுக்கின்றன என்றொரு கூக்குரல் அண்மைக் காலமாக மலையகத்தில் கேட்கிறது. பெற்றோர் கூட்டத்தில் அது எழுகிறது. கோயில் மேடையில் எழுகிறது. பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் தலைமையுரையாகவே எழுகிறது. ஹோட்டன் சமவெளிக்கு அருகே கிடக்கும் டயகமவிலுங்கூட, லயக் காம்பராவின் மூலையில், கைத்தொலைபேசியின் சின்னஞ்சிறு திரையில் சியோல் மாநகரம் ஒளிர்கிறது என்பது உண்மையே. பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகள் கொரிய மொழியில் நன்றி கூறப் பழகிவிட்டார்கள் என்பதும் உண்மையே. இதைக் கண்டு பண்பாட்டுக் காவலர் பதறுகின்றனர். ‘வெறும் பொழுதுபோக்குத்தானே, பார்த்துவிட்டுப் போகட்டும்’ என்று இன்னொரு சாரார் அலட்சியமாகக் கூறுகின்றனர். இவ்விரு சாராரோடும் நாம் மாறுபடுகிறோம். கிழக்காசியாவின் திரைக்கலை எமது மாணவருக்கு வேண்டும். அதைப் பார்த்துக் கண்ணீர் வடித்துவிட்டு, அக்கண்ணீர் காயுமுன்னே அதே அநீதிக்கு வழிவிட்டு ஒதுங்கும் இரசனைதான் எமக்கு வேண்டாம்.

முதலிற் காவலரோடு பேசுவோம். எந்தத் தொடர்களைக் கண்டு இவர்கள் அஞ்சுகிறார்கள்? 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ போன்றவற்றைக் கண்டுதான். சலவைக் கடைக்காரரின் மகளைப் பெருங் கம்பனியின் வாரிசு காதலிக்கிறான். அவன் தாய் சீறுகிறாள். ஈற்றில் காதல் வெல்கிறது. கம்பனி மட்டும் அப்படியே இருக்கிறது. 2013இல் தமிழகத்தில் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழிற் பேசவைத்தபோது அவை எவருக்கும் விளங்காமற் போகவில்லை. எப்படி விளங்காமற் போகும்? ஏழை இளைஞன் பணக்காரன் மகளை மணப்பதும், மணந்த அன்றே வறுமை தீர்ந்துவிடுவதும் தமிழ்த் திரை அரை நூற்றாண்டுக்கு மேலாக விற்றுவரும் சரக்கன்றோ? அதை விற்றபோது வாயடைத்திருந்த காவலர், அதே சரக்கு கொரியப் பொட்டலத்தில் வந்ததும் பண்பாடு பறிபோகிறதென்று அலறுவது வேடிக்கை. ஒருத்தியை மாளிகைக்குள் ஏற்றிவிட்டு, மாளிகைக்கு வெளியே நிற்கும் ஆயிரம் பேரை மறக்கச் செய்வதே அக்கனவின் தொழில். அது உள்ளூர்ச் சரக்கா, இறக்குமதிச் சரக்கா என்பது சுங்கத் திணைக்களத்தின் கவலை. கலையை மதிப்பிடுவோரின் கவலையன்று.

ஆயினும் கிழக்காசியத் திரை முழுவதும் இக்கனவன்று. காவலர் பார்க்க மறுக்கும் மறுபக்கம் ஒன்று அதற்கு உண்டு. 2025 மார்ச்சில் வெளிவந்த ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்’ என்னும் பதினாறு பகுதித் தொடரை எடுத்துக்கொள்வோம். ஜேஜுத் தீவில், மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பியெடுத்துப் பிழைக்கும் தாய். கவிதை எழுத ஏங்கும் மகள் ஏ-சுன். வகுப்புத் தலைவர் தேர்தலில் அதிக வாக்குப் பெற்றவள் ஏ-சுன். பதவியோ வசதி படைத்த வீட்டுப் பையனுக்குப் போகிறது. உழைப்பே நோயாகித் தாயை இளவயதிற் கொண்டுபோகிறது. ஆசிரியர்களாகிய நாம் அந்த வகுப்பறைக் காட்சியைத் தலைநிமிர்ந்து பார்க்க முடியுமா? தகப்பனின் தொழிலைக் கேட்டுவிட்டுப் பிள்ளையின் இருக்கையைத் தீர்மானிக்கும் வகுப்பறைகள் இந்நாட்டில் இல்லையென்று கூற முடியுமா?

போங் ஜூன்-ஹோவின் ‘பாரசைட்’ 2019இல் கான் விழாவின் தங்கப் பனையையும், 2020இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதையும் பெற்றது. நிலத்துக்குள் பாதி புதைந்த வீட்டில் வாழும் ஒரு குடும்பம், மேட்டு மாளிகையொன்றில் ஒருவர்பின் ஒருவராக வேலைக்கு நுழைகிறது. அவர்கள் உடையை மாற்றலாம்; பேச்சை மாற்றலாம்; உடலில் ஏறிய மணத்தை மாற்ற முடிவதில்லை. மாளிகைக்காரன் மூக்கைச் சுளிக்கிறான். அந்தச் சுளிப்பு எத்தகையதென்று மலையகத்துப் பிள்ளைக்கு எவரும் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை. கொழுந்துச் சாறும் லய அடுப்பின் புகையும் ஏறிய உடையோடு பட்டணத்துப் பஸ்ஸில் ஏறியவர்கள், பக்கத்திலிருந்தவர் சற்று நகர்ந்து அமர்வதைக் கண்டவர்களே.

ஹுவாங் டோங்-ஹியுக்கின் ‘ஸ்குவிட் கேம்’ 2021இல் வெளிவந்தது. கடனில் மூழ்கிய 456 பேர், பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்துச் சிறுவர் விளையாட்டுகளை ஆடுகின்றனர். அவர்களுள் ஒருவன் அலி. பாகிஸ்தானிலிருந்து வந்த தொழிலாளி. தொழிற்சாலையில் விரல்களை இழந்தவன். சம்பளத்தையும் முதலாளியிடம் இழந்தவன். தன்னோடு ஆடும் படித்த கொரியனை முதலில் ‘முதலாளி’ என்றே அழைக்கிறான். பிறகு அவனை அண்ணனென நம்பி, அவனாலேயே ஏமாற்றப்பட்டுச் சாகிறான். நுண்கடன் வசூலிப்போர் வாசலில் வந்து நிற்கும் லயத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும் மாணவனுக்கு, இது தூரதேசத்துக் கற்பனையாகத் தோன்றுமா?

இத்தகைய கலையை நாம் வரவேற்கிறோம். ஆனால் வரவேற்றுவிட்டால் மட்டும் போதுமா? இங்கேதான் எமது வாதத்தின் கடினமான பகுதி தொடங்குகிறது. இதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் 1982இல் ஜப்பானிய அரசின் உதவியோடு அமைந்தது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் நுவரெலியாவுக்கு மேலே பிதுருதலாகல மலையில் நிற்கிறது; அதாவது தேயிலைத் தொழிலாளரின் தலைக்கு மேலே நிற்கிறது. அந்நிலையமே 1980களில் ‘ஓஷின்’ என்னும் ஜப்பானியத் தொடரை இந்நாட்டுக்குக் காட்டியது. சுகாகோ ஹஷிதா என்னும் பெண் எழுத்தாளர் எழுதிய அத்தொடர், 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை ஜப்பானில் 297 பகுதிகளாக ஒளிபரப்பாகியது. பின்னர் 60க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றது.

கதை எளியது. குத்தகை விவசாயியின் மகள் ஓஷின், ஏழு வயதில், ஒரு மூடை அரிசிக்காக மர வியாபாரி வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்படுகிறாள். எசமானரின் குழந்தையை முதுகிற் சுமந்தபடி பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்று பாடங் கேட்கிறாள். வெள்ளி நாணயமொன்றைத் திருடினாள் என்ற பொய்ப்பழி தாங்காது பனிக்குள் ஓடுகிறாள். ரஷ்ய-ஜப்பானியப் போரின் கொடுமை கண்டு படையை விட்டோடி மலையில் மறைந்து வாழும் ஒருவன் அவளைக் காப்பாற்றி எழுத்தறிவிக்கிறான். அவனையும் படையினர் சுட்டுக் கொல்கின்றனர். பட்டாலையில் உழைத்த அக்காள் காசநோயால் மடிகிறாள்.

இலங்கை இதைப் பார்த்து அழுதது. லயங்கள் பலவற்றுக்கு மின்சாரமே எட்டாத அக்காலத்தில், தொலைக்காட்சிப் பெட்டி நகரத்து வரவேற்பறையின் சொத்து. அவ்வரவேற்பறைகள் எத்தனையில், கதவோரத்தில், மலையகத்துச் சிறுமியொருத்தி தேநீர்க் கோப்பையோடு நின்று அதே தொடரைப் பார்த்திருப்பாள்! ஓஷினுக்காகக் கண்ணைத் துடைத்த அம்மையார், துடைத்த கையோடு, ‘ஏய், கோப்பையை எடு’ என்று அவளை அதட்டவில்லையென எவர் உறுதி கூறுவார்?

ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 2021 ஜூலையில், டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களோடு கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உயிரிழந்தாள். கொழும்பில் ஓர் அரசியல்வாதியின் வீட்டில் வேலைக்கிருந்தவள் அவள். தீ எப்படிப் பற்றியது என்பது நீதிமன்றத்தின் விடயம். அந்த வீட்டுக்கு அவள் எப்படிச் சென்றாள் என்பது எமது விடயம். ஒரு மூடை அரிசியின் இடத்தில் மாதச் சம்பளம் வந்திருக்கிறது. பனிப்பாதையின் இடத்தில் பஸ் பாதை வந்திருக்கிறது. மற்றெல்லாம் ஓஷினின் கதைதான். வேலைக்கமர்த்தும் வயதைச் சட்டம் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தியதும் அதே 2021இல்தான். சட்டம் ஏட்டில் ஏறியது. பிள்ளை சவப்பெட்டியில் ஊர் திரும்பினாள். அப்போதும் நாடு அழுதது. ஓஷினுக்காக அழுத அதே கண்களும் அழுதிருக்கும்.

அப்படியாயின் அந்தக் கண்ணீர் எங்கே போயிற்று? ஓஷினிலிருந்து இந்நாட்டு மேட்டுக்குடியினர் எடுத்துக்கொண்ட பாடத்திலேயே விடை உண்டு. ‘ஓஷினைப் பார், பொறுத்தாள், உழைத்தாள், உயர்ந்தாள், நீயும் பொறு’ என்பதே அப்பாடம். இது ஹஷிதாவுக்கே இழைக்கும் துரோகம். செல்வம் சேர்த்த முதிய ஓஷின், குடும்பத்தின் பதினேழாவது கடை திறக்கும் நாளிலேயே வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். அங்கிருந்துதான் கதை தொடங்குகிறது. உயர்வையே கேள்விக்குள்ளாக்கிய கதையை உயர்வின் துதிப்பாடலாகச் சுருக்கிக்கொண்டவர்கள் நாம் அஞ்சவேண்டிய இரசிகர்கள்.

பொறுமையின் பலனை இந்த மலைகளுக்கா உபதேசிப்பது? பொறுமையால் இங்கே ஒரு சதமும் கூடியதில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். 1956இல் இதே டயகமவின் வேலைநிறுத்தத்தில் ஏப்ரகாம் சிங்கோ என்னும் சிங்களத் தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவானதும், 2024இல் 1350 ரூபாவானதும் எவருடைய இரக்கத்தாலும் அன்று. கேட்டார்கள், மறுக்கப்பட்டது, மீண்டும் கேட்டார்கள்.

கண்ணீரின் இந்தக் கையாலாகாத்தனம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. ‘பாரசைட்’டை உலகமே புகழ்ந்து முடித்த பின், 2022 ஆகஸ்டில், சியோலின் பெருமழையில், அப்படத்திற் கண்டது போன்ற பாதி புதைந்த வீடொன்றில் ஒரே குடும்பத்தவர் மூவர் நீரில் மூழ்கி இறந்தனர். மனிதரைப் பந்தயக் குதிரையாக்குவதைச் சாடிய ‘ஸ்குவிட் கேம்’ தொடரை வைத்தே, 2023இல் நெட்ஃபிளிக்ஸ் கம்பனி 456 மெய்யான மனிதரைக் கூட்டிப் பரிசுப் போட்டி நடத்திக் காசாக்கியது. அலிக்காக உலகம் அழுது நான்காண்டு செல்லுமுன், 2025 ஜூலையில், தென்கொரியாவின் நாஜு நகரத்துச் செங்கல் தொழிற்சாலையொன்றிலிருந்து ஒரு காட்சி வெளிவந்தது. இலங்கைத் தொழிலாளி ஒருவரைச் செங்கற்களோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையாற் கட்டி, பாரந்தூக்கும் இயந்திரத்தில் உயர்த்திச் சிரித்தார்கள். அந்நாட்டு ஜனாதிபதியே கண்டித்த கொடுமை அது. கொரியத் தொடரைப் பார்த்துக் கொரிய மொழி கற்று, கொரியாவுக்கே வேலைக்குச் செல்லக் கனவு காணும் எமது இளைஞருக்கு இவ்விரண்டு கொரியாக்களையும் யார் காட்டுவது?

‘ஒரு நாடகம் வீடு கட்டுமா? ஒரு படம் சட்டம் இயற்றுமா? கலையின்மேல் இத்தனை பாரம் ஏற்றலாமா?’ என்று சில நண்பர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. கலை வீடு கட்டாது. கலைஞன் தன் பங்கைச் செய்துவிட்டான்; மறைந்திருந்ததைக் காட்டிவிட்டான். நாம் குற்றஞ்சாட்டுவது காட்டியவனையன்று, கண்டவனை. கண்ணீர் வடித்ததும் தன் கடமை தீர்ந்ததெனக் கருதும் பார்வையாளனுக்குக் கலை ஒரு நித்திரைக் குளிகையாகிவிடுகிறது. திரையில் அழுதால் வீட்டில் அழத் தேவையில்லை. திரையில் ஓஷினை நேசித்தால் அடுக்களைச் சிறுமியின் வயதைக் கேட்கத் தேவையில்லை. இந்தச் சௌகரியமான இரக்கத்தைத்தான் உடைக்க வேண்டும்.

உடைக்கும் பொறுப்பில் பெரும்பங்கு ஆசிரியருக்கு உண்டு. மாணவர் பார்க்கும் தொடரைத் தடைசெய்வதால் ஒன்றும் விளையாது; அவர்கள் போர்வைக்குள் பார்ப்பார்கள். அத்தொடரை வகுப்பறைக்கே கொண்டுவருவோம். நாயகன் உண்ணும் சோற்றைச் சமைத்தவர் யார்? அந்த மாளிகையைத் துடைப்பவருக்குச் சம்பளம் எவ்வளவு? அவர் இரவில் எங்கே உறங்குகிறார்? திரைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் எவர்? இக்கேள்விகளோடு பார்க்கப் பழகிய மாணவிக்கு ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ தீங்கு செய்யாது, ‘பாரசைட்’ வீணாகாது. வகுப்பில் ஒரு மாணவியின் இருக்கை வெறுமையானால், இடாப்பில் வரவின்மையைக் குறித்துவிட்டு அமராமல், அவள் எந்தப் பஸ்ஸில் எந்த ஊருக்குச் சென்றாள் என்று அதே வாரம் விசாரிப்பதும் இந்தக் கலைப் பயிற்சியின் பகுதியே. ஓஷினுக்கு எழுத்தறிவித்தவன், உயிருக்கு அஞ்சி ஒளிந்திருந்த ஒரு தப்பியோடி. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள நாம் அவனிலும் குறைந்தவர்களா?

இரண்டாவதாக, எமக்கென்று ஒரு திரை வேண்டும். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ நாவல் 1964இலேயே வெளிவந்தது. வி. பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ படத்தைத் தந்தார். தமிழகத்தில் பாலா 2013இல் ‘பரதேசி’யில் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைக் காட்டினார். எழுத்து இருக்கிறது, கதை இருக்கிறது, நடிக்கவும் படம்பிடிக்கவும் துடிக்கும் இளைஞர் தோட்டந்தோறும் இருக்கிறார்கள். ஜப்பான் தன் ஏழைச் சிறுமி ஒருத்திக்கு 297 பகுதிகளை ஒதுக்கியது. பிதுருதலாகலவிற் கோபுரம் நட்ட பொதுத் தொலைக்காட்சி, அக்கோபுரத்தின் அடியில் வாழும் பிள்ளைகளின் கதைக்கு, தமிழிலும் சிங்களத்திலும், முப்பது பகுதிகளையேனும் ஒதுக்கட்டும். இது சலுகைக் கோரிக்கையன்று. அந்தக் கோபுரத்துக்கு இந்த மக்களின் உழைப்பும் விலை கொடுத்திருக்கிறது.

எமது மாணவர் சியோலையும் ஜேஜுவையும் பார்க்கட்டும், தாராளமாகப் பார்க்கட்டும். கொரியத் தொழிலாளியின் மகளும் மலையகத் தொழிலாளியின் மகளும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது நல்லதே. ஆனால் இனியொரு தாய், இனியொரு தரகரின் பேச்சைக் கேட்டுத் தன் பிள்ளையின் துணிப்பையைக் கட்டும் வேளையில், அந்த வாசலிற் சென்று நின்று ‘அனுப்பாதீர்கள் அம்மா, இவள் படிக்கட்டும், அதற்கு வேண்டியதை நாம் சேர்ந்து போராடிப் பெறுவோம்’ என்று கூறும் துணிவு எமக்கு வேண்டும். அத்துணிவைத் தராத கண்ணீர் எந்த நாட்டுப் படத்துக்காகச் சிந்தப்பட்டாலும் வீண்.