12 லட்சம் பேரை வைத்து ஒரு கேலக்ஸியா?

ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். 2002-ல் வந்த படத்தில் குளோன் படை 2 லட்சம் ரெடி, இன்னும் 10 லட்சம் வருதுன்னு கணக்கு சொல்வாங்க. ஆயிரக்கணக்கான கிரகங்களுக்கு இது போதுமாம்! எங்க சங்ககிரி மலைக்கோட்டைக்கே வாசலுக்கு வாசல் காவல் வேணும். பி.காம். படிக்கிற எனக்கு இது டேலி ஆகலை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்க. 'பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்', 'ராஜராஜத் தெரிந்த வலங்கை வேளைக்காரர்'னு பிரிவுகள் வரிசையா இருக்கு. 'தெரிந்த' என்றால் பொறுக்கி எடுத்த. எலைட்!

11-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் முதலாம் விஜயபாகு, சோழர் மேல் போகச் சொன்னப்ப தமிழ் வேளைக்காரர்கள் கலகமே செய்தாங்க. அவன் அடக்கினது வேற கதை. குளோன்களோ உத்தரவு வந்ததும் கூட நின்ற ஜெடாய்களையே சுட்டாங்க. மறுக்கவே தெரியாதது எலைட் படையா? மெஷின் சார் அது!