பேஸ்மென்ற் என்றால் மணக்கத்தான் செய்யுமா?

"பேஸ்மென்ற் எண்டால் கொஞ்சம் மணக்கத்தான் செய்யும்." ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாடகைக்கு வீடு பார்க்கப் போனவர்களுக்கு இந்த வசனம் நன்றாகப் பழக்கம். வீட்டுக்காரர் சொல்வார், முகவர் சொல்வார், நாலு வருடம் அங்கே இருந்துவிட்டு வெளிக்கிடுகிறவரும் சொல்வார். கனடாவின் முதல் குளிர்காலத்தை நிலத்துக்குக் கீழே கழித்த தமிழர்கள் ஏராளம் என்பதால், அந்தப் பூஞ்சண மணத்தை வாடகையோடு சேர்த்தே ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஏற்றிருக்கவே கூடாது. ஈரம் இல்லாத பேஸ்மென்ற் மணக்காது. மணக்கிறது என்றால் எங்கோ தண்ணீர் நிற்கிறது, அதை நம்பி ஏதோ வளர்கிறது. அந்தத் தண்ணீர் வந்த வழியைத் தேடாமல் தட்டிக்கழிப்பதற்குச் சொல்லப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் நியாயம்: "சுவர் எல்லாம் துப்புரவாய்த்தானே கிடக்கு, பூஞ்சணம் எங்கே?" பூஞ்சணம் வளரும்போது ஆவியாகிப் பரவும் சேர்மங்களை வெளிவிடுகிறது. மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் அவற்றில் ஒன்று. மிகமிகச் சிறிய அளவிலேயே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். சுவரின் மூட்டுகள், மின்செருகித் துவாரங்கள் வழியாக மணம் அறைக்குள் வந்துவிடும். வளர்ச்சி மட்டும் பின்னால் மறைந்திருக்கும்.

எங்கே மறைகிறது என்பதற்கு இங்கே பேஸ்மென்ற் சுவர் கட்டப்படும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே மண். அதையொட்டிக் கொங்கிரீற் சுவர். அதற்கு முன்னால் மரச்சட்டம், சட்டங்களுக்கு இடையில் கண்ணாடிநார்ப் பஞ்சு, அதன் மேல் பிளாஸ்ரிக் தாள், கடைசியாக ட்ரைவோல். ட்ரைவோலின் இரண்டு முகமும் காகிதம். பூஞ்சணத்துக்கு அது நல்ல சாப்பாடு. கொங்கிரீற் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி உள்ளே தள்ளும். உள்ளே வந்த ஈரம் பிளாஸ்ரிக் தாளில் முட்டி நின்றுவிடும். இப்படியான ஒரு சுவரின் அடிப்பலகையைக் கழற்றிப் பாருங்கள். முன்புறம் வெள்ளைப் பெயின்ற் குறையில்லாமல் இருக்கும். பலகையின் பின்புறத்திலோ சாம்பலும் பச்சையும் கலந்த புள்ளிகள், ஆணித் தலைகளில் துரு, விரலால் தொட்டதும் உதிர்கிற ட்ரைவோல் விளிம்பு. அலுமாரிக்குப் பின்னாலுள்ள வெளிச்சுவர், ஜன்னலின் கீழ்ப்பகுதி, காப்பெற்றின் ஓரம், படிக்கட்டின் அடியில் அடுக்கிய அட்டைப் பெட்டிகள், முன்வாசலின் கீழே இருக்கும் குளிர் அறை ஆகிய இடங்களில்தான் முதலில் தேட வேண்டும். கொங்கிரீற்றில் வெள்ளைத் தூளாக உப்புப் பூத்திருந்தால் அது பூஞ்சணம் அல்ல, உடம்புக்குக் கெடுதலும் இல்லை. ஆனால் அந்தச் சுவரினூடாகத் தண்ணீர் வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்தது, "ஜன்னலைத் திறந்து விடுங்கோ, காற்று வந்தால் போயிடும்." இந்த ஆலோசனை நல்ல மனதோடுதான் சொல்லப்படுகிறது. ஊரிலே அது சரியான ஆலோசனையும்கூட. ஆனால் ரொறன்ரோவின் ஜூலை மாதத்தில் அது நேர்மாறாக வேலை செய்யும். வெளியே 30 பாகை வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று ஏறத்தாழ 21 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கும். மண்ணுக்குள் இருக்கும் கொங்கிரீற்றோ கோடையிலும் அதைவிடக் குளிர்ந்திருக்கக்கூடும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் வியர்ப்பதுபோல் சுவரும் தரையும் வியர்க்கும். மணத்தைப் போக்க என்று திறந்த ஜன்னல் பூஞ்சணத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. கோடையில் ஜன்னலை மூடி ஈரமகற்றும் இயந்திரத்தை ஓட விட வேண்டும். ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் நல்லது. அதைக் காட்டும் சிறு மானி கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. வெளிக்காற்று உலர்ந்திருக்கும் நாட்களில் தாராளமாகத் திறவுங்கள்.

ஈரம் காற்றிலிருந்து வருகிறதா, மண்ணிலிருந்து வருகிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. வெறும் கொங்கிரீற் தரையில் தெளிவான பிளாஸ்ரிக் தாள் ஒன்றை விரித்து, நான்கு பக்கமும் நாடாவால் இறுக ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் கீழே நீர்த்துளி நின்றால் ஈரம் தரைக்குள்ளிருந்து ஏறுகிறது. மேலே நின்றால் அது அறைக் காற்றின் ஈரம்.

மூன்றாவது நியாயம்தான் என்னை அதிகம் நோகடிப்பது: "உங்கட சமையலாலதான்." சோறு அவிக்கிறீர்கள், புட்டு அவிக்கிறீர்கள், உடுப்பை உள்ளே காயப் போடுகிறீர்கள் என்று குடியிருப்பவர் மேல் பழி விழும். இதில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சமையல், குளிப்பு, ஈர உடுப்பு மூன்றும் காற்றில் நீராவியைச் சேர்க்கும். புகைபோக்கி விசிறியைப் போடுவது குடியிருப்பவரின் கடமை. ஆனால் பூஞ்சணம் பிடித்த இடத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் விளங்கும். குளியலறைக் கூரையின் மூலையில் கறுத்தால் நீராவியைச் சந்தேகிக்கலாம். வெளிச்சுவரின் அடியில், அதுவும் மழைக்குப் பிறகு பரவினால், அது புட்டுப் பானையால் வந்ததல்ல. விசிறியைப் போட்டாலும் காற்று வெளியே போக வழியில்லாத சமையலறையை வாடகைக்கு விட்டவர், சமையலைக் குறை சொல்ல முடியாது.

"ப்ளீச் அடிச்சு மேலே பெயின்ற் பூசினால் சரி" என்பது நாலாவது. புதிதாகக் குடிவருபவருக்கு வீடு காட்டுவதற்கு முன்தினம் அதிகம் நடப்பது இதுதான். ப்ளீச்சின் பெரும்பகுதி தண்ணீர். ட்ரைவோல், மரம் போன்று உறிஞ்சும் பொருட்களில் குளோரின் மேற்பரப்போடு நின்றுவிட, தண்ணீர் உள்ளே இறங்கும். கறை வெளுக்கும், வேர் நிற்கும். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடியது. ஆகவே கொல்வது போதாது, அகற்ற வேண்டும். ப்ளீச்சோடு வினாகிரியையோ அமோனியா கலந்த திரவத்தையோ சேர்த்தால் நச்சுவாயு உண்டாகும். காற்றோட்டம் இல்லாத பேஸ்மென்றில் அது உயிராபத்து.

ஹெல்த் கனடா ப்ளீச் தேவையில்லை என்றே சொல்கிறது. கடினமான பரப்பைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் தேய்த்து, துடைத்து, உடனே உலர்த்தினால் போதும். ஊறிய ட்ரைவோலையும் காப்பெற்றையும் வெட்டி வெளியே எறிய வேண்டும். ஒரு சதுர மீற்றருக்கு உட்பட்ட சிறு இடம் என்றால் முகக்கவசம், கையுறை, கண்ணாடி அணிந்து நாமே செய்யலாம். மூன்று சதுர மீற்றரைத் தாண்டினால் அந்தத் தொழில் தெரிந்தவரை அழைக்க வேண்டும். எதைச் செய்தாலும் தண்ணீர் வரும் வழியை அடைத்த பிறகே செய்ய வேண்டும்.

"கறுப்புப் பூஞ்சணம்தான் ஆபத்து, இது சும்மா பச்சை" என்ற ஆறுதலும் பொய். நிறத்தைக் கொண்டு தீங்கை அளக்க முடியாது. கறுப்புப் பூஞ்சணத்தின் மீதான பெரும் பயம் 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் குழந்தைகளுக்கு ஏற்பட்ட நுரையீரல் இரத்தக்கசிவோடு பரவியது. அந்தத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையமே 2000இல் அறிவித்தது. அதற்காகப் பச்சை பாதுகாப்பானது என்றாகிவிடாது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா மோசமாதல் ஆகியவை கூடுகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வழிகாட்டியாகவே வெளியிட்டது. காற்றைப் பரிசோதித்து வரும் எண்ணிக்கையைக் கொண்டு ஆபத்தைக் கணிக்க முடியாது, ஈரத்தைக் கட்டுப்படுத்தி அகற்றுங்கள் என்பதே 2007இல் ஹெல்த் கனடா சொன்னது. ஆகவே பரிசோதனைக்குக் கொடுக்கும் காசைப் பழுதுபார்ப்பதற்குக் கொடுங்கள்.

கடைசி நியாயம்: "தெரிஞ்சுதானே வந்தனீங்கள், வாடகையும் குறைவுதானே." ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் இதற்கு நேரடியாகவே பதில் வைத்திருக்கிறது. வீட்டைப் பழுதின்றி, வாழத் தகுந்த நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு என்கிறது 20ஆம் பிரிவு. குடியேறும்போதே குறை தெரிந்திருந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது என்றும் அதே பிரிவு சொல்கிறது. குறைந்த வாடகைக்கு விலக்கு இல்லை. ஆனால் உரிமையாளரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து வாழ்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

வாடகைக்கு இருப்பவர்கள் குறையை எழுத்தில் தெரிவியுங்கள், திகதியோடு படம் எடுத்து வையுங்கள். கவனிக்காவிட்டால் ரொறன்ரோவில் 311க்கு அழைத்து நகரசபைப் பரிசோதகரைக் கேட்கலாம். ஒன்ராறியோவின் 'வீட்டு உரிமையாளர்–வாடகையாளர் சபை'க்கு ரி6 படிவத்தில் முறைப்பாடு அனுப்பலாம். அதிகாரிகளிடம் முறையிட்டீர்கள் என்பதற்காகவே உரிமையாளர் உங்களை வெளியேற்றக் கேட்டால் சபை மறுத்தாக வேண்டும். ஆனால் வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். அது உங்களை வெளியேற்றக் காரணமாகிவிடும்.

வீட்டுக்காரர்களில் பலரும் மோட்கேஜ் கட்ட முடியாமல் அல்லாடும் நம்மவர்கள்தான். அவர்களுக்கும் சொல்கிறேன்: செலவு எப்போதும் ஆயிரக்கணக்கில் தொடங்குவதில்லை. 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2024 ஜூலை 16இல் ஏறத்தாழ 98. இத்தகைய மழைக்குப் பிறகு ஊறிய பொருள் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். அடைத்துக் கிடக்கும் பீலியைத் துப்புரவாக்குங்கள். பீலிக் குழாயின் வாயை அத்திவாரத்திலிருந்து 2 மீற்றராவது தள்ளி விடுங்கள். சுவரோரத்து மண் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால் வெளிப்புறமாகச் சரியும்படி நிரப்புங்கள். கீழே இருக்கும் குடும்பம் மணக்கிறது என்று சொன்னால், அடுத்த மழையில் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பாருங்கள்.