திரானாவில் வந்திறங்கிய மாலை



இது தனியே பயணம் போகிறவர்களுக்கான சிறப்பிதழ். அறிவிப்பு வெளியிட்ட நாளிலிருந்து உங்கள் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: "ஐரோப்பாவுக்குத் தனியாகப் போக ஆசை. முதலில் எங்கே போகலாம்?" கேட்டவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பிள்ளைகளுக்கு ஒரு வழி பண்ணிவிட்டு இப்போதுதான் தங்களுக்கென்று கொஞ்சம் நேரம் கிடைத்தவர்கள். பாரிஸா, ரோமா, சுவிட்சர்லாந்தா என்று அவர்களே தேர்வுகளையும் எழுதியிருந்தார்கள். என் பதில் அந்தப் பட்டியலில் இல்லாத நாடு. அல்பேனியா.

பாரிஸும் ரோமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர்களைச் சினிமாவிலும் நாள்காட்டியிலும் பார்த்துப் பார்த்து, போவதற்கு முன்பே ஒரு படம் மனதில் பதிந்துவிடுகிறது. அல்பேனியாவைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அங்கே போய் இறங்கும்போது, கண்ணில் படுவது எல்லாமே முதல் முறை. பக்கத்தில் அபிப்பிராயம் சொல்ல ஆளில்லாமல் அதைப் பார்ப்பது ஒரு பெரிய சுதந்திரம்.

கிரீஸுக்கு வடக்கே, கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலி. பரப்பளவு 28,748 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் கால்வாசிகூட இல்லை. 2023 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 24 லட்சம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்னும் சேரவில்லை. பணம் யூரோ அல்ல, லெக். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இஸ்தான்புல் வழி வசதி. நான் போனது ஒரு செப்டம்பரில். விமானம் தாழும்போது ஒரு பக்கம் ஆட்ரியாட்டிக் கடல், மறுபக்கம் நெருக்கமாக மலைகள், நடுவில் சோளக்கொல்லைகள்.

இறங்கியதும் முதலில் கண்ணில் பட்ட பெயர் நமக்குத் தெரிந்த பெயர்: அன்னை தெரசா. தலைநகர் திரானாவின் விமான நிலையத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கொல்கத்தாவின் அன்னையாக மட்டுமே நாம் அறிந்தவரை, அங்கே தங்கள் வீட்டுப் பெண்ணாகச் சொல்கிறார்கள். அதுவும் நியாயமே. 1910-இல் ஸ்கோப்யேவில் ஓர் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பதினெட்டு வயதில், 1928-இல், வீட்டை விட்டுக் கிளம்பி அயர்லாந்து போய், 1929 தொடக்கத்தில் இந்தியா வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு தாயாரை அவர் பார்க்கவே இல்லை.

நான் சொல்ல வந்த விஷயமே இங்கேதான் இருக்கிறது. அவருடைய தாயாரும் அக்காவும் பின்னாளில் திரானாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாட்டின் கதவு சாத்தப்பட்டது. 1944 முதல் 1985-இல் சாகும்வரை ஆண்ட என்வர் ஹோஜா, முதலில் யூகோஸ்லாவியாவோடு முறித்துக்கொண்டார், அப்புறம் சோவியத்தோடு, கடைசியில் சீனாவோடும். நாட்டைவிட்டு ஓடுவது தேசத்துரோகம். எல்லை தாண்டப் பார்த்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். வயதான தாயாரை வெளியே அனுப்பும்படி அன்னை தெரசா எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அனுப்பவில்லை. இவரை உள்ளே வரவும் விடவில்லை. 1972-இல் தாயார் இறந்தார், அடுத்த வருடம் அக்கா. 1979-இல் நோபல் பரிசு வாங்கி உலகமே எழுந்து நின்று வரவேற்ற பிறகும் இன்னும் பத்து வருடம் காத்திருந்து, 1989-இல்தான் அவரால் திரானாவில் கால்வைக்க முடிந்தது. இரண்டு கல்லறைகளையும் பார்த்தார்.

ஒரு மகளை உள்ளே விடாத நகரம், இன்று உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் அந்த மகளின் பெயரைச் சொல்லி வரவேற்கிறது. இது தெரிந்த பிறகு, பாஸ்போர்ட்டில் குடியேற்ற அதிகாரி குத்தும் முத்திரை எனக்குச் சாதாரணமாகத் தோன்றவில்லை. ஒரு நாட்டுக்குள் வரமுடிவதும் அங்கிருந்து போகமுடிவதும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அல்பேனியாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளியே வந்தால் கூட்டம். பயணியைவிட வரவேற்க வந்தவர்கள் அதிகம். ஒரு பாட்டி, கறுப்பு முந்தானை மாதிரித் துணியைத் தலையில் கட்டியவர், ஒரு வாலிபனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பின்னால் பேரப்பிள்ளைகள் பூங்கொத்தோடு நிற்கிறார்கள். வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் வரும் நாளில் திருச்சி விமான நிலைய வாசலில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டாம். அல்பேனியாவில் வெளிநாட்டில் ஆள் இல்லாத குடும்பம் அபூர்வம். இத்தாலி, கிரீஸ், இப்போது ஜெர்மனி. ஆட்சி சரிந்துகொண்டிருந்த 1991 ஆகஸ்டில், துறைமுகத்தில் நின்ற 'வ்லோரா' என்ற சரக்குக் கப்பலில் ஏறக்குறைய 20,000 பேர் ஏறிக்கொண்டு இத்தாலியின் பாரி நகரத்துக்குப் போனார்கள். பாய்மரக் கம்பத்திலும் கயிற்றிலும் மனிதர்கள் தொங்குகிற அந்தப் புகைப்படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். பெரும்பாலானவர்களை இத்தாலி திருப்பி அனுப்பிவிட்டது.

நகரத்துக்குப் போக, முனையத்தின் எதிரிலேயே பேருந்து. ஏறக்குறைய மணிக்கொன்று கிளம்பும். ஓபரா அரங்கத்தின் பின்னால் கொண்டுபோய் விடும். ஏறும்போது "சென்ட்ரோ?" என்று கேட்டேன். நடத்துநர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். வேறு ஊர்க்காரர்கள் அங்கேயே இறங்கிவிடுவார்கள். நமக்கோ அந்த ஆட்டல் அந்நியமே இல்லை. அல்பேனியாவில் பழைய வழக்கப்படி 'ஆமாம்' என்பதற்குத் தலையை அப்படித்தான் ஆட்டுவார்கள். 'இல்லை' என்றால் முகவாயை ஒருதரம் மேலே தூக்குவார்கள். இளையவர்கள் சிலர் மற்ற ஐரோப்பியர்களைப் போலவும் செய்கிறார்கள், அதனால் முகத்தையும் சேர்த்துப் பாருங்கள். நடத்துநர் என் பெட்டியை வாங்கி வைத்து, சன்னலோர இருக்கையைக் காட்டினார். அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் இடம் அது.

நகரத்தின் நடுவே ஸ்கந்தர்பெக் சதுக்கத்தில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. 2017-இல் வண்டிகளை வெளியேற்றி, அல்பேனியர் வாழும் பல பகுதிகளிலிருந்தும் கல் கொண்டுவந்து அந்தச் சதுக்கம் முழுவதையும் பாவியிருக்கிறார்கள். நடுவில் மேடாகி நாலு பக்கமும் மெல்லச் சரிகிறது. கல்லின் இடுக்குகளில் தண்ணீர் கசிந்து ஓடுவதால் நிறங்கள் பளிச்சென்று தெரிகின்றன. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழந்தைகள் அந்த ஈரத்தில் ஓடுகிறார்கள். ஓரத்தில் எத்தெம் பே மசூதி, முகப்பு மண்டபத்தில் மரமும் அருவியும் பாலமுமாக ஓவியம். 1967-இல் ஹோஜா மதத்தையே தடைசெய்து, தேவாலயங்களையும் மசூதிகளையும் மூடினார், பலவற்றை இடித்தார். புராதனச் சின்னம் என்பதால் இந்த மசூதி தப்பியது, ஆனால் பூட்டிக்கிடந்தது. 1991 ஜனவரி 18 அன்று, ஆட்சி இன்னும் இருக்கும்போதே, அனுமதி கேட்காமல் ஆயிரக்கணக்கானோர் உள்ளே போனார்கள். போலீஸ் தடுக்கவில்லை. இன்று முஸ்லிம், ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர், பெக்தாஷி சூஃபிகள் எல்லாரும் கலந்தே வாழ்கிறார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு மதம் இருப்பதை யாரும் விசேஷமாகச் சொல்வதுகூட இல்லை.

பிறகு அந்த மாலை நடை. வெயில் இறங்கியதும் ஊரே வீட்டைவிட்டு வெளியே வருகிறது. எங்கேயும் போவதற்காக அல்ல. தாத்தாக்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அம்மாக்கள் தள்ளுவண்டியோடு, பெண்பிள்ளைகள் தோளில் கைபோட்டுக்கொண்டு, அகலமான அந்தச் சாலையில் போய்த் திரும்பி, மறுபடியும் போகிறார்கள். தனியாகப் போகிற பெண்ணுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. இரவு ஒன்பது மணிக்கும் சாலையில் குடும்பங்கள் இருக்கிற ஊரில் நான் பயந்து நடக்கவில்லை.

வழியில் ஒரு பழக்கடையில் அரை கிலோ திராட்சை கேட்டேன். கடைக்காரர் "ஆயிரம்" என்றார், ஆங்கிலத்திலேயே. ஆயிரம் லெக் நோட்டை நீட்டினேன். அவர் கல்லாவைத் திறந்து ஓர் ஐந்நூறு, இரண்டு இருநூறு எடுத்து என் கையில் வைத்து மூடினார். 1965-இல் ஒரு பூஜ்யத்தைக் குறைத்துப் புது லெக் கொண்டுவந்தார்கள். அறுபது வருடமாகியும் பேச்சில் பலர் பழைய லெக்கிலேயே விலை சொல்கிறார்கள். அவர் சொன்ன ஆயிரம் உண்மையில் நூறு, சுமார் ஒரு யூரோ. விவரம் தெரியாத வெளியூர்க்காரியிடம் அந்த நோட்டை அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கலாம். அவருக்கு அது தோன்றவே இல்லை. மேலும் ஒரு அத்திப்பழத்தைப் பிளந்து, தின்னு என்று கொடுத்தார்.

விருந்தாளியைக் காப்பது அங்கே குடும்ப மானம். வடக்கு மலைகளில் வழிவழியாக வந்த சட்டநெறி, வீடு கடவுளுக்கும் விருந்தினருக்கும் உரியது என்கிறது. 1943-இல் ஜெர்மன் படை வந்தபோது, அந்நாட்டு யூதர்களையும், தப்பி ஓடிவந்த யூதர்களையும் முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றின. போருக்கு முன்பு இருந்ததைவிடப் போருக்குப் பின்பு யூதர்கள் அதிகமாக இருந்த நாடு அது. ஐரோப்பாவில் நாஜிகள் பிடித்த வேறு நாடுகளுக்கு இப்படிச் சொல்வது கடினம். நம் பாடப்புத்தகங்களில் இது ஏன் இல்லை என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பகலில் இறங்கும்படி டிக்கெட் எடுங்கள். முதல் மாலை வீணாகாது. ஷெங்கன், பிரிட்டன், அமெரிக்கப் பலமுறை விசாவை ஏற்கெனவே பயன்படுத்தியவர்களுக்குத் தனி விசா தேவைப்படுவதில்லை, மற்றவர்கள் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விதி மாறக்கூடியது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய லெக்கை அங்கேயே மாற்றிவிடுங்கள், வெளியே வாங்க ஆளில்லை. டாக்ஸியில் ஏறும் முன் கட்டணம் பேசுங்கள். சாலை கடக்கும்போது கவனம்: 1991 வரை சொந்தக் கார் வைத்துக்கொள்ளவே அனுமதி இல்லாத நாடு அது, அதற்கப்புறம் எல்லாரும் ஒரேயடியாக வாங்கிவிட்டார்கள். சைவக்காரர்களுக்குக் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்த 'பியுரெக்' என்ற அடுக்கு ரொட்டி எல்லாத் தெருவிலும் சூடாகக் கிடைக்கும். நாடெங்கும் ஹோஜா கட்டிவைத்த கான்கிரீட் பதுங்குகுழிகள் காளான் குடைபோல முளைத்து நிற்கும். திரானாவில் இரண்டை அருங்காட்சியகமாக்கி இருக்கிறார்கள், ஒன்றையாவது பாருங்கள். பிறகு 'ஃபுர்கோன்' என்கிற சிற்றுந்தில் ஏறி பெராத்துக்கோ, எழுத்தாளர் இஸ்மாயில் கதாரே பிறந்த கல்நகரம் ஜீரோகாஸ்தருக்கோ போங்கள். அது நேரம் பார்த்துக் கிளம்பாது, ஆள் நிறைந்ததும் கிளம்பும்.

அல்பேனியா வேண்டாம் என்றால் மால்டோவா, வடக்கு மாசிடோனியா, எஸ்டோனியா எல்லாம் இருக்கின்றன. அங்கெல்லாம் தனியே போய்வந்த வாசகிகளின் கட்டுரைகள் உள்ளே இருக்கின்றன; மால்டோவாக் கட்டுரையை முதலில் படியுங்கள் என்பது என் சிபாரிசு. நீங்களும் எழுதுங்கள். பார்த்த இடங்களின் பட்டியல் வேண்டாம். தெரியாத ஊரில் தனியே இறங்கிய முதல் சில மணி நேரத்தை மட்டும் எழுதுங்கள்: யாரிடம் வழி கேட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எப்போது பயம் போயிற்று. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாகக் கிளம்பியவர்களின் கடிதங்களை வரும் இதழில் முதலில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்